பழைய ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்: கியர் மாறும்போது இடிக்குது, கியர்பெட்டியை இறக்குறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்?

மாட்டுத்தாவணி | பதிவு 1

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2011 ஹோண்டா சிட்டி 1.5, அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக். சிவிடி (கியர் படிகள் இல்லாம பட்டையும் கப்பியும் வச்ச வகை) இல்லை, டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியா கியர்பெட்டிக்குக் கடத்தும் பாகம்) வச்ச பழைய வகை. ஓடோமீட்டர் 1,18,000 கி.மீ. சர்வீஸ் புத்தகத்தில் 60,000-க்கு மேல எந்தப் பதிவும் இல்லை, கியர்பாக்ஸ் ஆயில் எப்போ மாத்தினாங்கன்னு தெரியாது. அறிகுறிகள் மூணு:

காலையில் முதல் ஸ்டார்ட்டில் பி-யிலிருந்து (பார்க்) ஆர் (ரிவர்ஸ்) போட்டால் "தொம்"னு ஒரு இடி. சூடானதும் குறையுது, ஆனா முழுசா போகலை.

அரை மணி நேரம் ஊருக்குள்ள ஓடின பிறகு 2-லிருந்து 3-க்கு மாறும்போது ஆர்.பி.எம். (எஞ்சின் சுழற்சி வேகம்) இருந்ததை விட 300 வரை கூடிட்டு அப்புறம்தான் கியர் பிடிக்குது. பிடிக்கும்போது ஒரு தள்ளு.

65–75 கி.மீ. வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசா வச்சிருக்கும்போது ரெண்டு மூணு வினாடி அதிர்வு.

டேஷ்போர்டில் டி விளக்கு (கியர்பெட்டிக் கோளாறைக் கணினி கண்டுபிடிச்சால் சிமிட்டும்) சிமிட்டலை. ரெண்டு இடத்தில் கேட்டதுக்கு "பெட்டியை இறக்கி ரீகண்டிஷன் பண்ணணும்"னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி நாமளே பார்க்கக்கூடியது என்னென்ன? எந்த வரிசையில் பார்க்கணும்?

பத்து_எம்எம் | பதிவு 2

மூணையும் ஒரே நோயா நினைக்காதீங்க சார். நீங்க எழுதினதைப் பார்த்தா மூணுக்கும் மூணு வேற காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாத்தையும் சேர்த்து "ஜெர்க் அடிக்குது"ன்னு ஒரே வார்த்தையில் சொன்னால், கேட்கிறவர் பெட்டியை இறக்கச் சொல்றதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் இந்தப் பெட்டியோட அமைப்பு. டொயோட்டா, ஹூண்டாய் மாதிரி கோள் சக்கர அமைப்பு இதில் கிடையாது. மேனுவல் கியர்பாக்ஸ் போலவே இணையான தண்டுகளும் சாய்பல் கியர்களும்தான். ஒவ்வொரு கியருக்கும் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கிற பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்ச். 2-லிருந்து 3-க்கு மாறணும்னா 2-ஆம் கிளட்ச் விடணும், அதே நொடியில் 3-ஆம் கிளட்ச் பிடிக்கணும். 3 பிடிக்கத் தாமதமானால் நடுவில் எஞ்சின் சும்மா சுழன்று ஆர்.பி.எம். ஏறும். அதுதான் உங்க ரெண்டாவது அறிகுறி. 2 விடத் தாமதமானால் ரெண்டு கியரும் ஒரே நேரத்தில் பிடிச்சு, யாரோ பிரேக்கைத் தொட்ட மாதிரி இருக்கும். இந்த ரெண்டையும் பிரிச்சு உணரப் பழகுங்க. ஒண்ணு வழுக்கல், இன்னொண்ணு கட்டிப்பிடி. வைத்தியமும் வேற வேற.

இன்னொரு விதி: எல்லா கியர் மாற்றத்திலும் கோளாறு இருந்தால் காரணம் பொதுவானது. ஆயில் அளவு, ஆயிலின் நிலை, பம்ப் அழுத்தம், ஐடில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடுற வேகம்), மவுண்ட் (எஞ்சினையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர் தாங்கி) இதில் ஏதாவது ஒண்ணு. ஒரே ஒரு மாற்றத்தில் மட்டும் இருந்தால் அந்தக் கிளட்ச், இல்லைன்னா அதுக்கு அழுத்தம் கொடுக்கிற சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் ஆயில் வால்வு).

மூணாவது அறிகுறிக்கு இன்னிக்கே ஒரு சோதனை பண்ணலாம். பின்னாடி வண்டி வராத நேர் சாலையில் 70-ல் அந்த அதிர்வு வரும்போது, வலது காலை அசைக்காம இடது காலால் பிரேக் பெடலை மேலாகத் தொடுங்க. பிரேக் லைட் எரியற அளவு போதும், வண்டி வேகம் குறையக் கூடாது. தொட்டதும் அதிர்வு சட்டுனு நின்னால் அது டார்க் கன்வெர்ட்டரோட லாக்-அப் கிளட்ச் (எஞ்சினையும் பெட்டியையும் நேரடியா இணைக்கிற கிளட்ச்). பிரேக் சுவிட்ச் சிக்னல் வந்ததும் கணினி லாக்-அப்பை விடுவிச்சிடும், அதனாலதான் நிக்குது. நிக்கலைன்னா எஞ்சின் மிஸ்ஃபயர், டயர், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் தேடணும்.

கோவை_லேத் | பதிவு 3

முதல் அறிகுறிக்கு நான் பதில் சொல்றேன். பி-யிலிருந்து ஆர் போட்டதும் இடி, சூடானதும் குறையுது. இதில் பாதி மவுண்ட், பாதி ஐடில்.

குளிர்ந்த எஞ்சின் 1,200–1,500 ஆர்.பி.எம்.மில் ஓடும். அந்த நேரத்தில் கியர் போட்டால் நல்ல வண்டியும் கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும். 1,000-க்குக் கீழே இறங்கின பிறகு கியர் போட்டுப் பாருங்க. அப்பவும் இடிச்சால்தான் அது கோளாறு. சூடான பிறகு ஏ.சி. அணைச்ச நிலையில் 700–800-க்குள் நிக்கணும். 900-க்கு மேல நின்னால் திராட்டில் பாடியில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கரி படிஞ்சிருக்கு, இல்லைன்னா எங்கேயோ காற்று ஒழுகுது.

மவுண்ட் சோதனை: போனட்டைத் திறந்து வையுங்க. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கும் இழுத்து, கால்பிரேக்கையும் அழுத்தமா மிதிச்சபடி டி, ஆர், டி, ஆர்னு ஒவ்வொண்ணிலும் ரெண்டு வினாடி நிறுத்தி மாத்தணும். நீங்க பக்கவாட்டில் நின்னு எஞ்சினைப் பாருங்க. வண்டிக்கு முன்னாடியோ பின்னாடியோ யாரும் நிக்கக் கூடாது. எஞ்சின் சற்றே சாய்ஞ்சு நிக்கிறது சரி. மூணு விரல் அகலத்துக்குத் தூக்கிட்டு விழுந்தால் மவுண்ட் போயிருக்கு.

ஓட்டுநர் பக்கத்து எஞ்சின் மவுண்ட் உள்ளே திரவம் நிரப்பினது. ரப்பர் கிழிஞ்சால் அந்தத் திரவம் ஒழுகி, மவுண்டுக்குக் கீழே கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கு கோடு இறங்கியிருக்கும். அதில் தூசி ஒட்டி கெட்டியாயிருக்கும். விரலால் தேய்ச்சுப் பார்த்தால் தெரியும். கியர்பெட்டி பக்கத்து மவுண்டையும் கீழே பின்பக்கம் இருக்கிற டார்க் ராடையும் (எஞ்சின் முன்னும் பின்னும் ஆடாம பிடிக்கிற தண்டு) சேர்த்துப் பாருங்க. டார்க் ராடு புஷ்ஷில் லெவர் வச்சு நெம்பினால் ரப்பரில் வெடிப்பு திறந்து காட்டும். ஒண்ணை மட்டும் புதுசா போட்டு மத்ததைப் பழசா விட்டால், புது ரப்பர் எல்லா சுமையையும் தாங்கி சீக்கிரம் போகும்.

மவுண்ட் கெட்ட வண்டியில் கியர்பாக்ஸ் ஒழுங்கா வேலை செஞ்சாலும் உள்ளே உட்கார்ந்தவருக்கு அது இடியாத்தான் கேட்கும். பெட்டி மேல பழி போகிறதுக்கு இதுதான் முதல் காரணம்.

சேலம்சாலை | பதிவு 4

ஆயில் அளவு பார்க்கிற முறையையும் எழுதிடுங்க. பாதிப் பேர் இதில்தான் தப்பு பண்றாங்க.

பத்து_எம்எம் | பதிவு 5

ஆமாம், இதை அழுத்திச் சொல்லணும். டொயோட்டாவில் எஞ்சின் ஓடும்போதே, பி-யில் வச்சு டிப்ஸ்டிக் பார்ப்பாங்க. பழைய ஹூண்டாய் ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் ஓட என்-இல் வச்சுப் பார்ப்பாங்க. ஹோண்டாவில் எஞ்சினை அணைச்சுட்டுத்தான் பார்க்கணும்.

சமதரையில் நிறுத்தி, ரேடியேட்டர் விசிறி ரெண்டு தடவை சுத்தி நிக்கிற வரை ஐடிலில் விடுங்க. எஞ்சினை அணைங்க. 60 வினாடி கழிச்சு, 90 வினாடிக்குள் டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைச்சு, முழுசா உள்ளே விட்டு மறுபடி எடுங்க. மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்கணும்.

எஞ்சின் ஓடும்போது பார்த்தால் ஆயில் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் சுத்திக்கிட்டு இருக்கும், அதனால குறைவாக் காட்டும். உடனே அரை லிட்டர், முக்கால் லிட்டர் ஊத்திடுவாங்க. கூடுதலான ஆயிலை கியர்கள் மோர் கடையற மாதிரி கடைஞ்சு நுரையாக்கும். நுரையில் இருக்கிற காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. கிளட்சுக்குப் போகிற அழுத்தம் முதலில் காற்றை அமுக்கிட்டு அப்புறம்தான் தட்டுகளைப் பிடிக்கும். ஆக, குறைஞ்சாலும் கூடினாலும் அறிகுறி ஒண்ணுதான்: தாமதமாப் பிடிச்சு, இடிச்சுப் பிடிக்கும்.

டிப்ஸ்டிக்கை எடுத்ததும் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டு அஞ்சு நிமிஷம் வையுங்க. நல்ல ஆயில் இளஞ்சிவப்பா சமமாப் பரவும். பழசு செங்கல் நிறம், பழுப்பு. நடுவில் கறுப்புப் பொட்டு நின்னு ஓரத்தில் மட்டும் ஈரம் பரவினால் கிளட்ச் உராய்வுத் தூள் கலந்திருக்கு. முகர்ந்து பாருங்க, தீய்ஞ்ச வாடை வந்தால் அது தனிக் கதை.

வேளச்சேரி | பதிவு 6

நிறத்தைப் பத்திப் பேசும்போது ஒண்ணு சேர்க்கணும். டிப்ஸ்டிக்கில் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் அந்த நிமிஷமே வண்டியை நிறுத்துங்க, ஓட்டாதீங்க. ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் குளிர்விப்பான் இருக்கிற வண்டிகளில், உள்சுவர் அரிச்சுப் போனால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் வந்துடும். கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் பொருள் பசையால் ஒட்டப்பட்டது. கூலன்ட்டில் இருக்கிற தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் அந்தப் பசையை இளக்கிடும். ஆயிலை மட்டும் மாத்தி ஓட்டினால் கொஞ்ச நாளில் தட்டு உரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க வெள்ளத்தையும் மனசில் வைக்கணும். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நிறைய கார்கள் தண்ணியில் நின்னுச்சு. கியர்பாக்ஸ் மூச்சுக்குழாய் பெட்டியின் மேலே இருக்கும். தண்ணி அந்த உயரம் வந்தால் உள்ளே இறங்கும். இருக்கைத் தண்டவாளத்துக்கு அடியில் துரு, சீட்பெல்ட்டை முழுசா இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு, கியர்பாக்ஸ் கனெக்டர்களைக் கழட்டினால் பின்களில் பச்சைக் களிம்பு, இந்த மூணையும் பாருங்க. பச்சை இருந்தால் கியர் இடி மின்சாரக் கோளாறாகவும் இருக்கலாம்.

மாட்டுத்தாவணி | பதிவு 7

எல்லாருக்கும் நன்றி. பார்த்தது இது:

பிரேக்கைத் தொட்டதும் அதிர்வு நிக்குது. மூணு தடவையும் அப்படியே.

ஆயில் அளவு ரெண்டு கோட்டுக்கும் நடுவில். நிறம் அடர் பழுப்பு. தீய்ஞ்ச வாடை இல்லை. டிஷ்யூவில் கறுப்புப் பொட்டு லேசா இருக்கு.

ஓட்டுநர் பக்க மவுண்டில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கு, ஆர் போடும்போது எஞ்சின் நல்லாவே எழும்புது. சூடான ஐடில் 850.

ஆயில் மாத்தலாமா? பழைய பெட்டியில் புது ஆயில் ஊத்தினால் வழுக்க ஆரம்பிச்சிடும்னு சொல்றாங்களே, அது உண்மையா?

சேலம்சாலை | பதிவு 8

நான் மாத்த வேண்டாம்னு சொல்ற கட்சி. 60,000 கி.மீ.யாத் தொடாத ஆயிலில் கிளட்ச் தூள் மிதக்கும். அந்தத் தூள்தான் தேய்ஞ்ச தட்டுக்குப் பிடிமானம் கொடுக்குது. அதை எடுத்துட்டால் வழுக்கும். ஏற்கெனவே 2–3-ல் வழுக்கல் இருக்கிற வண்டி இது.

பத்து_எம்எம் | பதிவு 9

சேலம்சாலை அண்ணே, பாதி ஒத்துக்கறேன், பாதி இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும். கியர் வழுக்க ஆரம்பிச்ச பிறகுதான் பெரும்பாலானவங்களுக்கு ஆயில் ஞாபகமே வருது. கடைசி நேரத்தில் மாத்துவாங்க, அடுத்த மாசம் பெட்டி போகும், பழி ஆயில் மேல விழும். மாத்தலைன்னாலும் அது போயிருக்கும். தேய்ஞ்ச தட்டுக்குத் தூள் உதவி செய்யுதுன்னு வச்சுக்கிட்டாலும், அதே தூள்தான் சோலினாய்டு வலையை அடைக்குது, வால்வு துளைகளைக் கீறுது.

ஆனா ஒரு இடத்தில் நீங்க சொல்றது சரி. மெஷின் வச்சு அழுத்தத்தில் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. ஒரு மூலையில் படிஞ்சு கிடக்கிற கசடைக் கிளப்பி வால்வு பாடிக்குள் (எந்தக் கிளட்சுக்கு ஆயில் போகணும்னு பிரிச்சு அனுப்பும் பகுதி) தள்ளிடும். இந்த ஹோண்டா பெட்டியில் அடித்தட்டு கிடையாது. உள்வடிகட்டியை மாத்தணும்னா பெட்டியைப் பிளக்கணும். கிளம்பின கசடு எங்கே போகும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால ஈர்ப்பு விசையில் வடிச்சு, அதே அளவு நிரப்புறது. மெதுவான வழி, ஆனா பாதுகாப்பான வழி.

கணக்கு இது. பெட்டியின் மொத்தக் கொள்ளளவு கன்வெர்ட்டரையும் சேர்த்து சுமார் 5.5 லிட்டர். பிளக்கைக் கழட்டினால் வருவது சுமார் 2.5 லிட்டர்தான். மீதி கன்வெர்ட்டரில் நிக்கும். ஒரு தடவை மாத்தினால் 45 சதவீதம் புதுசு. ரெண்டாவது தடவை 70. மூணாவது தடவை 84. நாலாவது தேவையில்லை, செலவுக்கேத்த பலன் இல்லை. மொத்தம் 8 லிட்டர் வாங்கி வையுங்க.

ஆயில்: ஹோண்டா ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி ஆயில்) டி.டபிள்யூ-1. உங்க வண்டிக்கு முதலில் வந்தது இசட்-1 ஆக இருக்கலாம், டி.டபிள்யூ-1 அதுக்குப் பதிலா வந்தது, கலந்தாலும் சிக்கல் இல்லை. கடையில் "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் சேரும்"னு கொடுக்கிற டெக்ஸ்ரான் வகை வேண்டாம். சிவிடி ஆயிலான எச்.சி.எஃப்-2-ஐ மறந்தும் ஊத்தாதீங்க. பின்னாடி வந்த சிட்டி சிவிடிக்கு உரியது அது. டப்பாவில் ஹோண்டா பேர் இருக்கிறதால மாறிப்போக வாய்ப்பு இருக்கு.

செய்முறை:

10 கி.மீ. ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்குங்க. கொதிக்கக் கொதிக்கக் கழட்டினால் கை வெந்துடும். வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்க, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க.

வடிகால் பிளக்கை எஞ்சின் ஆயில் பிளக்கோட குழப்பிக்காதீங்க. எஞ்சின் ஆயில் பிளக் 17 எம்.எம். அறுகோணத் தலை. கியர்பாக்ஸ் பிளக்கின் நடுவில் சதுரக் குழி. 3/8 அங்குல ராட்செட்டின் முனை சாக்கெட் இல்லாமலே அதில் நேரா உட்காரும். இதை மாத்திக் கழட்டினால் எஞ்சின் ஆயில் காலியாகி, கியர்பாக்ஸில் ஆயில் அளவுக்கு மேல ஏறிடும். ரெண்டுமே சேதம்.

வடிஞ்சதை அளவுக்கோடு போட்ட பாட்டிலில் ஊத்தி அளங்க. எவ்வளவு வந்ததோ அவ்வளவே உள்ளே போகணும்.

பிளக்கில் காந்தம் இருக்கும். அதில் ஒட்டினதைத் துடைக்கிறதுக்கு முன்னாடி விரல்களுக்கு நடுவில் தேய்ச்சுப் பாருங்க. விபூதியைத் தண்ணியில் குழைச்ச மாதிரி மழமழன்னு சாம்பல் நிறப் பசை என்றால் இயல்பான தேய்மானம். 60,000 கி.மீ.க்கு ஒரு தொப்பி மாதிரி குவிஞ்சிருந்தாலும் பயப்பட வேண்டாம். நறநறன்னு உறுத்தினாலோ, வெயிலில் பிடிச்சால் ஊசி ஊசியா மின்னினாலோ, நகம் அளவு செதில் இருந்தாலோ பேரிங் அல்லது கியர் பல் போயிருக்கு. அப்போ இதோட நிறுத்திட்டு பெட்டியை இறக்குறதைப் பத்திப் பேசலாம்.

18 எம்.எம். அலுமினிய வாஷரை ஒவ்வொரு தடவையும் புதுசா போடுங்க. மூணு தடவைக்கு மூணு வாஷர். பிளக் இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். பெட்டி அலுமினியம், அதுக்கு மேல முறுக்கினால் மரை உரியும்.

நிரப்புறது டிப்ஸ்டிக் துளை வழியா, நீளக் குழாய் வச்ச புனல்ல. துளைக்குச் சுத்தி இருக்கிற மண்ணைத் துடைச்சுட்டுத்தான் திறக்கணும். முதலில் 2.3 லிட்டர் ஊத்தி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பிரேக் மிதிச்சபடி பி, ஆர், என், டி எல்லாத்திலும் சில வினாடி நிறுத்திட்டு, மேலே சொன்ன முறையில் அளவு பார்த்து மீதியைச் சேருங்க.

ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் 100–200 கி.மீ. ஓடட்டும். எல்லா கியரும் விழணும், 80-க்கு மேல லாக்-அப்பிலும் கொஞ்ச நேரம் ஓடணும். அப்போதான் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற பழசு கலந்து வெளியே வரும். ஒரே நாளில் மூணு தடவை வடிக்கலாம், ஆனா நடுவில் ஓட்டாம வடிச்சால் ஊத்தின புதுசேதான் வெளியே வரும்.

டிஃபரென்ஷியலும் இதே ஆயிலில்தான் ஓடுது, தனியா எதுவும் மாத்த வேண்டாம்.

கோவை_லேத் | பதிவு 10

லாக்-அப் அதிர்வுக்கு ஆயில் மாத்துறது ஏன் பலன் கொடுக்குதுன்னும் சொல்லிடறேன். இல்லைன்னா சும்மா நம்பிக்கையில் செய்ற மாதிரி இருக்கும். லாக்-அப் கிளட்ச் எப்பவும் முழுசாப் பிடிக்கிறதில்லை. லேசான ஆக்சிலரேட்டரில் கொஞ்சம் வழுக்கவிட்டே பிடிக்கும். அந்த வழுக்கல் சீரா இருக்கிறதுக்கு ஆயிலில் உராய்வைச் சீராக்கும் சேர்மானம் இருக்கு. வெப்பத்தில் அது தீர்ந்து போகும். தீர்ந்ததும் தட்டு ஒட்டும், விடும், ஒட்டும், விடும். காய்ஞ்ச சுவரில் ஈரக்கையை அழுத்தி இழுக்கிற மாதிரி. உங்களுக்குக் கேட்கிற அதிர்வு அதுதான். புது ஆயில் அந்தச் சேர்மானத்தைத் திருப்பிக் கொடுக்குது. மூணு சுற்றும் முடிஞ்சு 500 கி.மீ. ஓடியும் அதிர்வு அப்படியே இருந்தால் கன்வெர்ட்டர் தட்டு பளபளன்னு தீய்ஞ்சு இறுகிடுச்சு. அதுக்கு கன்வெர்ட்டரைத்தான் மாத்தணும்.

ஐடில் 850 கொஞ்சம் அதிகம். திராட்டில் பாடியைக் கழட்டி, கிளீனரைத் துணியில் தெளிச்சு ஓரக் கரியைத் துடைங்க. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளாதீங்க. உள்ளே மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் இருக்கு. மாட்டின பிறகு கணினிக்கு ஐடில் அளவைக் கத்துக்கொடுக்கணும்: எல்லா மின்சாரச் சுமையும் ஆஃப். இக்னிஷன் ஆன், ரெண்டு வினாடி. ஸ்டார்ட் பண்ணி பி அல்லது என்-இல் 3,000 ஆர்.பி.எம்.மில் ரேடியேட்டர் விசிறி சுத்துற வரை பிடிங்க. அப்புறம் காலை எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் எதையும் தொடாம ஐடிலில் விடுங்க.

நெல்லை_ஏஎம்டி | பதிவு 11

இடையில் ஒரு கேள்வி. செலேரியோ ஏ.எம்.டி.யில் 1-லிருந்து 2-க்கு மாறும்போது தலை முன்னாடி போயிட்டு வருது. இதே ஆயில் முறை அதுக்கும் பொருந்துமா?

பத்து_எம்எம் | பதிவு 12

பொருந்தாது தம்பி. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை மிதிக்கிறதையும் கியர் போடுறதையும் மனுஷனுக்குப் பதிலா ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் செய்யுது. உள்ளே இருக்கிறது ஒரே உலர் கிளட்ச், கன்வெர்ட்டர் கிடையாது. கியர் மாறும்போது எஞ்சின் இழுப்பு அறுந்துதான் ஆகணும், லேசான தலையாட்டல் அதன் இயல்பு. மாறும் நேரத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் குறையும். முன்னாடி இல்லாம புதுசா கூடியிருந்தால் கிளட்ச் தேய்மானம், ஆக்சுவேட்டர் ஆயில் அளவு ரெண்டையும் பார்த்து, ஸ்கேனரில் கிளட்ச் பிடிக்கிற புள்ளியைக் கத்துக்கொடுக்கச் சொல்லுங்க. கிளட்ச் தட்டு மாத்தினால் இந்தக் கத்துக்கொடுத்தல் கட்டாயம். தனி இழை போடுங்க, விரிவாப் பேசலாம்.

மாட்டுத்தாவணி | பதிவு 13

மவுண்ட் மூணும் மாத்தியாச்சு, ஐடில் 740-க்கு வந்துடுச்சு. ஆர் போடும் இடி போயிடுச்சு. ஆயில் மூணு சுற்றும் முடிஞ்சது. முதல் சுற்றில் 2.4 லிட்டர் வந்தது, காந்தத்தில் மழமழன்னு பசைதான், செதில் இல்லை. 70-ல் வந்த அதிர்வு இப்போ இல்லை. 2–3 வழுக்கல் குறைஞ்சிருக்கு, ஆனா நல்லா சூடானதும் 100–150 ஆர்.பி.எம். இன்னும் ஏறுது. அடுத்து என்ன?

பத்து_எம்எம் | பதிவு 14

மூணில் ரெண்டு முடிஞ்சது, ரொம்ப சந்தோஷம். மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு மாற்றத்தில் மட்டும். அதனால இனி மின்சாரமும் அழுத்தமும்.

முதலில் எர்த். பேட்டரி நெகட்டிவ்விலிருந்து கியர்பெட்டிக்கு வர்ற கேபிளின் போல்ட்டைக் கழட்டி, தொடும் இடத்தை உப்புத்தாளால் பளிச்னு தேய்ச்சு மாட்டுங்க. எஞ்சின் ஓட, ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் ஆனில் வச்சு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மறுமுனையை பெட்டியின் உலோகத்திலும் வையுங்க. 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டினால் எர்த் சரியில்லை.

அடுத்து கணினியில் பதிவான கோளாறுக் குறியீடு, அதாவது கோடு. டி விளக்கு சிமிட்டலைன்னாலும் தற்காலிகக் கோடு இருக்கலாம். பி0715 உள்தண்டு வேக சென்சார், பி0720 வெளித்தண்டு வேக சென்சார், பி0740 லாக்-அப், பி0746, பி0776, பி0796 எல்லாம் அழுத்தம் கட்டுப்படுத்தும் சோலினாய்டுகள். மலிவான ஓ.பி.டி. கருவிகள் (வண்டியின் கணினியைப் படிக்கிறவை) பல, எஞ்சின் கோடை மட்டும் காட்டும், கியர்பாக்ஸ் பக்கம் எட்டாது. ஹோண்டாவுக்கான மென்பொருள் வச்ச ஸ்கேனர் உள்ள இடத்தில் பாருங்க.

அதுக்கப்புறம் சோலினாய்டு. கிளட்ச் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் நேர்கோட்டு சோலினாய்டுகள் இந்தப் பெட்டியில் வெளியிலேயே 10 எம்.எம். தலை போல்ட்டுகளில் மாட்டியிருக்கும், பெட்டியைப் பிரிக்க வேண்டாம். கனெக்டரைக் கழட்டி ஓம் பாருங்க. கிளட்ச் அழுத்த சோலினாய்டு 3–10 ஓம், கியர் மாற்றும் ஆன்-ஆஃப் சோலினாய்டு 12–25 ஓம். குளிர்ந்த நிலையிலும் அரை மணி ஓட்டிட்டு சூட்டிலும் ரெண்டு தடவை அளங்க. சூட்டில் மட்டும் தெரியற கோளாறு உங்களோடது. காயில் சூட்டில் மட்டும் அறுபடுற வழக்கமும் உண்டு.

ஓம் சரியா இருந்தால் சோலினாய்டைக் கழட்டி அடியில் இருக்கிற கேஸ்கெட்டைப் பாருங்க. அதில் தலைமுடியை விட மெல்லிசான கம்பி வலை இருக்கும். கிளட்ச் தூள் அதில் படிஞ்சு வலை முழுக்க ஈயப் பூச்சு போட்ட மாதிரி மூடியிருக்கும், வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சால் ஒளி வராது. சூடான ஆயில் மெல்லிசாகி ஏற்கெனவே கசிவு கூடும் நேரத்தில் இந்த அடைப்பும் சேர்ந்தால் 3-ஆம் கிளட்ச் நிரம்பத் தாமதமாகும். கேஸ்கெட்டைக் கழுவி மறுபடி போடாதீங்க, புதுசு போடுங்க. விலை பெரிசில்லை. போல்ட் இறுக்கம் 12 நியூட்டன் மீட்டர்.

சோலினாய்டைச் சொடுக்கிப் பார்க்க பேட்டரியை நேரா கொடுக்க வேண்டாம். 5 ஓம் காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 2.4 ஆம்பியர் ஓடும், காயில் சூடாகும். நடுவில் ஒரு 10 வாட் பல்பை வரிசையில் மாட்டி, ஒரு வினாடி கொடுத்து எடுங்க. உள்ளே தண்டு தடையில்லாம நகரணும்.

சேலம்சாலை | பதிவு 15

இதுக்கும் சரியாகலைன்னா?

பத்து_எம்எம் | பதிவு 16

அப்போ அழுத்த கேஜ் மாட்டணும் அண்ணே. பெட்டியில் ஒவ்வொரு கிளட்சுக்கும் சோதனைத் துளை இருக்கு. லைன் அழுத்தம் கையேட்டு அளவில் இருந்து, 3-ஆம் கிளட்ச் அழுத்தம் மட்டும் அதை விட நல்லாக் குறைவா இருந்தால் அந்தக் கிளட்சின் உள் சீல் கசியுது. ரெண்டும் குறைவுன்னா பம்ப் அல்லது ரெகுலேட்டர். ரெண்டும் சரியா இருந்தும் வழுக்கினால் தட்டு தேய்ஞ்சிருக்கு. இந்த மூணில் எதுவானாலும் பெட்டியைப் பிரிச்சுத்தான் ஆகணும். எதுக்காகப் பிரிக்கிறோம்னு தெரிஞ்சு பிரிக்கிறதால, திறந்து பார்த்துச் சொல்றோம்னு வர்ற மதிப்பீட்டை ஒத்துக்க வேண்டிய அவசியம் இருக்காது.

வேளச்சேரி | பதிவு 17

இனி வாங்கப் போறவங்களுக்கு ரெண்டு குறிப்பு. வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்தே இருக்கணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் போனட்டில் கையை வையுங்க. சூடா இருந்தால் திரும்பிட்டு இன்னொரு நாள் போய்ப் பாருங்க. அப்புறம் ஸ்கேனரில் கோடு இல்லைன்னு திருப்திப்படாதீங்க, சுயசோதனைகள் முடிஞ்சிருக்கான்னு பாருங்க. பல சோதனைகள் "முடியவில்லை"ன்னு காட்டினால் சமீபத்தில் பேட்டரி கழட்டப்பட்டிருக்கு, இல்லைன்னா கோடுகள் அழிக்கப்பட்டிருக்கு. கணினி கத்துவச்ச கிளட்ச் அளவுகளும் அதோட போயிருக்கலாம். அந்த நிலையில் கியர் எப்படி மாறுதுன்னு முடிவு பண்ண முடியாது. குறைஞ்சது 50 கி.மீ. ஓட்டின பிறகு மறுபடி பாருங்க.

மாட்டுத்தாவணி | பதிவு 18

கழட்டிப் பார்த்தாச்சு. ஓம் அளவு குளிரில் 5.1, சூட்டில் 6.2. ரெண்டு கேஸ்கெட்டில் ஒண்ணோட வலை முக்கால்வாசி அடைஞ்சிருந்தது. ரெண்டும் புதுசு போட்டாச்சு. எர்த் 0.18 வோல்ட் காட்டினது, தேய்ச்ச பிறகு 0.03. ரெண்டு நாள் வெயிலில் ஊருக்குள்ள ஓட்டினதில் 2–3-ல் ஆர்.பி.எம். ஏறலை. அடுத்து ஆயில் எப்போ மாத்தணும்?

பத்து_எம்எம் | பதிவு 19

அருமை சார். 20,000 கி.மீ.யில் ஒரு தடவை மட்டும் வடிச்சு நிரப்புங்க, புது ஆயில் கழுவிக் கொண்டு வர்ற மிச்சத் தூளுக்காக. காந்தத்தில் இந்தத் தடவையை விடப் பசை குறைஞ்சிருக்கணும். அப்புறம் 40,000-க்கு ஒரு தடவை போதும். இப்போதைக்கு 500 கி.மீ. கழிச்சு அளவு மட்டும் ஒருமுறை பாருங்க. எஞ்சினை அணைச்சுட்டு, 60-லிருந்து 90 வினாடிக்குள்.